ஒமாஹா தராத கோப்பை

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் மைக் மார்ட்டின் பெயரை எடுத்தால், பேச்சு உடனே ஒமாஹாவுக்குப் போய்விடும். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 1980 முதல் 2019 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். 40 பருவங்கள், 2,029 வெற்றிகள். கல்லூரி பேஸ்பாலின் முதல் பிரிவில் அதுவரை வேறு எந்தப் பயிற்சியாளரும் இந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆனால், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்றுக்கு 17 முறை அணியை அழைத்துப் போயும், கோப்பை ஒருமுறைகூடக் கைக்கு வரவில்லை. ராசியில்லாதவர் என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். முக்கியமான நேரத்தில் சறுக்குபவர் என்று சிலர் பழித்தார்கள். அவர் பார்த்த வேலை எப்படிப்பட்டது என்பதை இரு தரப்பும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர் பாதி நேரம் கணக்குப்பிள்ளை. மார்ட்டின் காலத்தின் பிற்பகுதியில் ஓர் அணி கொடுக்கக்கூடிய உதவித்தொகை மொத்தமே 11.7 பேருக்கானது. அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு பையனுக்குப் பாதிச் செலவு, இன்னொருவனுக்குக் கால்வாசி. மீதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு பேசி முடிப்பது என்பதும் பயிற்சியாளரின் திறமைதான். இதற்கு நடுவே தொழில்முறை அணிகள் வேறு. பள்ளி முடித்த கையோடு அவை பையனைக் கொத்திக்கொண்டு போகலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை தொட முடியாது. ஆக, ஒரு வீரன் தேறி நிற்கும் நேரமும் அவன் கிளம்பும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

இந்தச் சூழலில் மார்ட்டினின் அணி எந்தப் பருவத்திலும் 40 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வருடம்கூடத் தேசியத் தொடரைத் தவறவிட்டதும் இல்லை. கோப்பையைவிட இதுதான் கடினம் என்பது என் கட்சி. நல்ல அணி ஒன்று அமைந்தால் கோப்பை வரும். ஆளே நிலைக்காத இடத்தில் 40 முறை நல்ல அணி அமைப்பது வேறு விஷயம்.

மார்ட்டினிடம் ஆடிய பஸ்டர் போஸியின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். முதலாண்டில் அவர் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே பாய்ந்து பந்தை எடுக்கும், எல்லோர் கண்ணும் மொய்க்கும் இடம் அது. மார்ட்டினின் பயிற்சிக் குழு மறு ஆண்டே அவரை கேட்சராக்கியது. முகமூடியும் நெஞ்சுக் கவசமும் மாட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குந்தியபடி ஆட்டம் முழுவதும் பந்தை வாங்கும் வேலை. ஆட்டத்தின் போக்கை முழுசாகப் படிக்க அதைவிட நல்ல இடமும் இல்லை. 2008 மே மாதம் சவானா ஸ்டேட் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் மாறி மாறி நின்றார் போஸி, பந்தும் வீசினார். அடுத்த மாதமே, தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுத்தபோது, சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை ஐந்தாவது தேர்வாக எடுத்தது. 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்களை அந்த அணி வென்றபோது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பழைய ஷார்ட்ஸ்டாப்தான்.

ஒமாஹாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986 இறுதியில் அரிசோனாவிடம் 10-2 என்று அடிவாங்கியதற்குச் சமாதானம் கிடையாது. 1999இல் மயாமியிடம் தோற்றது ஒரே ஒரு ரன்னில், 6-5. அப்போது பட்டத்தை முடிவுசெய்ய ஒரே ஆட்டம்தான். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்ற முறை 2003இல்தான் வந்தது. பேஸ்பாலில் ஒரு நாள் ஆட்டம் எந்தப் பக்கமும் சாயும். அதற்காக 17 முறைக்கும் விதியைக் குற்றம் சொன்னால், அது மார்ட்டினுக்கே பிடித்திருக்காது.

அவர் காலத்தில் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. 2019இல் அவர் விலகியதும் நாற்காலி மகனுக்குப் போனது. மைக் மார்ட்டின் ஜூனியர் அப்பாவிடம் 22 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். தகுதியற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அப்பாமீது இருந்த மரியாதையும் அந்த முடிவில் கலந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. அப்பாவுக்கு 40 பருவம் கொடுத்த பல்கலைக்கழகம், மகனை மூன்றே பருவத்தில், அதிலும் ஒன்று கொரோனாவால் பாதியில் நின்றுபோன பருவம், வீட்டுக்கு அனுப்பியது. 2022இல் வந்த லிங்க் ஜாரெட்டும் மார்ட்டினிடம் ஆடிய ஷார்ட்ஸ்டாப்தான். 2024 பிப்ரவரி 1 அன்று, 79 வயதில் மார்ட்டின் காலமானார். அந்த ஜூனிலேயே ஜாரெட் அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோய், டென்னசியிடம் இரண்டு முறை தோற்றுத் திரும்பினார்.

அந்த டென்னசி அணியின் பயிற்சியாளர் டோனி விட்டெல்லோ அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார். 2025 அக்டோபரில், தொழில்முறை பேஸ்பாலில் ஆடியோ பயிற்சி கொடுத்தோ பழக்கமில்லாத அவரை ஜயன்ட்ஸ் நேரடியாக மேலாளர் ஆக்கியது. எடுத்தவர் அந்த அணியின் பேஸ்பால் விவகாரங்களுக்குத் தலைவராகிவிட்ட போஸி. கல்லூரிப் பயிற்சியாளரின் சரக்கு என்ன என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குத் தொழில்முறை பேஸ்பாலின் கதவு இப்படித் திறந்தது நல்லதுதான். ஆனால், மார்ட்டின் மாதிரி 40 ஆண்டு ஒரே ஊரில் வேர்விட இனி யாருக்கு மனம் வரும்? மாணவ வீரர்கள் விளம்பரப் பணம் வாங்க 2021இல் அனுமதி வந்தது. ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறும் வழியும் அதே ஆண்டு திறந்தது. பழைய 11.7 கணக்கும் 2025இல் போய்விட்டது. பணமும் சுதந்திரமும் மாணவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இன்று பத்தொன்பது வயதுப் பையனிடம் போய், நீ ஆடும் இடத்தை விட்டுவிட்டுக் கேட்சராகக் குந்து என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால், அவன் முகமூடியை மாட்டுவானா, அல்லது அன்று மாலையே வேறு பல்கலைக்கழகத்துக்கு போன் போடுவானா?