வீல்சேரில் தாத்தா, பாட்டி... தீம் பார்க் கூட்டிட்டுப் போக முடியுமா? சட்டம் என்ன சொல்லுது?

ஸ்கூல் லீவு விட்டாச்சு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தீம் பார்க் பிளான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது வீல்சேரில் இருக்கும் பாட்டியோ பெரியப்பாவோ வழக்கமாகச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்லயே இருந்துக்கறேன்." வற்புறுத்திக் கூட்டிப்போனாலும், பெரும்பாலும் மர நிழலில் உட்கார்ந்து பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பார்கள். அதுவும் டிக்கெட் எடுத்துவிட்டு!

ஈ.சி.ஆரில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்று ஏற்கெனவே பூங்காக்கள் இருக்க, 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் வொண்டர்லாவும் திறந்துவிட்டது. பொழுதுபோக்குப் பூங்கா என்பது இனி எப்போதாவது போகும் இடம் இல்லை. அதனால் இந்தக் கேள்வியும் பெரிதாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அதில் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 54 லட்சம். மூட்டுவலி, பக்கவாதம் என்று வயதான காலத்தில் வீல்சேருக்கு வருபவர்களில் பலர் இந்தக் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

சரி, தனியார் பூங்காவைச் சட்டம் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்பது அரசுக் கட்டடத்தை மட்டும் குறிப்பதில்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதற்குள் வரும். பிரிவு 46, சேவை தருபவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் வசதி விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. பிரிவு 44 இன்னும் கறாரானது. விதிப்படி வரைபடம் இல்லையென்றால் கட்ட அனுமதியே கிடையாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் கிடையாது. பிரிவு 29-ஐயும் பலர் கவனிப்பதில்லை. பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அந்தப் பிரிவு, சாகச விளையாட்டுகளையும் சேர்த்தே சொல்கிறது. 'வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று கேட்பவர்களுக்கு நாடாளுமன்றம் 2016-லேயே பதில் சொல்லிவிட்டது.

அப்புறம் ஏன் எதுவும் மாறவில்லை? சிக்கல் சட்டத்தில் இல்லை, அதன் கீழே எழுதப்பட்ட விதியில்தான். 2017 விதிகளில் 15-வது விதி, அணுகல் தரநிலைகளை வெறும் வழிகாட்டுதல்களாகவே வைத்திருந்தது. செஞ்சா நல்லது, செய்யலன்னா பரவாயில்லை என்கிற மாதிரி. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இதைப் பிடித்துக்கொண்டது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதி பரிந்துரை என்கிறது, ஆகவே அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை உருவாக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கெடுவும் விதித்தது. அந்தக் கெடு முடிந்த 2025 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்திருக்கவில்லை. கட்டாய விதி வந்த பிறகுதான் நிறைவுச் சான்றிதழை நிறுத்துவது, பிரிவு 89-ன்படி அபராதம் போடுவது எல்லாம் முழு வேகத்தில் நடக்க முடியும். முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை, மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. கோடிக்கணக்கில் முதலீடு போடும் ஒரு பூங்காவுக்கு முதல் அபராதம் டீ செலவு மாதிரிதான். நிறைவுச் சான்றிதழ் கிடைக்காமல் போவதுதான் உண்மையான பயம்.

'பாதுகாப்பு' என்ற ஒற்றை வார்த்தை

பூங்காக்கள் தரப்பில் வரும் முக்கியமான பதில் பாதுகாப்பு. இதை ஒரேயடியாகச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. ரோலர் கோஸ்டரில் உடலைப் பிடித்து வைப்பது இடுப்புக் கம்பியும் தோள் பூட்டும்தான். இடுப்புக்கு மேலே உடலை நிமிர்த்திப் பிடிக்கும் வலு இல்லாதவருக்குத் திடீர் திருப்பத்தில் கழுத்திலும் முதுகிலும் அடிபடலாம். கரன்ட் போய் ரைடு உயரத்தில் நின்றுவிட்டால் படிக்கட்டு வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். இவை நிஜமான ஆபத்துகள்.

ஆனால் இந்தக் காரணம் எதுவரை நீளும் என்பதுதான் விஷயம். கழிவறைக் கதவு குறுகலாக இருப்பதற்கும் ரோலர் கோஸ்டர் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? சாப்பாட்டுக் கூடத்துக்கு 3 படி ஏறித்தான் போகணும் என்பதற்கு என்ன பாதுகாப்புக் காரணம்? ஒரு நாள் முழுக்கச் சுற்றும் இடத்தில், ரைடு ஏறுவது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் நடப்பது, காத்திருப்பது, சாப்பிடுவது, வேடிக்கை பார்ப்பது. அந்த மீதியை மறுக்க எந்தப் பொறியியல் காரணமும் கிடையாது.

ரைடு விஷயத்திலும், யார் ஏறலாம் என்பது பல இடங்களில் அங்கே நிற்கும் ஆபரேட்டரின் அந்த நேரத்து முடிவாக இருந்துவிடுகிறது. காலையில் 'ஏறுங்க' என்றவர் மத்தியானம் ஷிப்ட் மாறினால் 'முடியாது' என்பார். அமெரிக்காவில் இதற்கு ஒரு வரையறை உண்டு. பாதுகாப்புக்காக நிபந்தனை போடலாம், ஆனால் அது உண்மையான ஆபத்தை வைத்து இருக்க வேண்டும், யூகத்தையோ பொதுவான எண்ணத்தையோ வைத்து இருக்கக் கூடாது. 2010-ல் வந்த அந்நாட்டுத் தரநிலைகளின்படி, புதிதாக நிறுவும் நிலையான ரைடுகளில், சில விலக்குகள் தவிர, வீல்சேரோடு ஏற இடமோ, மாறி உட்கார ஏற்ற இருக்கையோ, மாற்றி உட்காரவைக்கும் சாதனமோ இருந்தாக வேண்டும்.

அங்கேயும் எல்லாம் சுமுகமில்லை. டிஸ்னி 2024-ல் தன் சிறப்பு அனுமதித் திட்டத்தை, முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று சுருக்கியது. பலத்த எதிர்ப்பு வந்தது, வழக்கும் போனது. வீல்சேரில் வருபவர்கள் பெரும்பாலும் மற்றவர்களுடன் அதே க்யூவில் வரலாம் என்பது டிஸ்னியின் நிலைப்பாடு. நம்ம ஊர் நிலையில் இதை வைத்துப் பாருங்க. க்யூ பாதையே வீல்சேர் நுழையும் அகலத்தில், படியில்லாமல் இருந்தால்தானே அந்தப் பேச்சே எழும்? இங்கே இரும்புக் கம்பித் தடுப்புகளின் வளைவில் வீல்சேர் திரும்பாது. அதனால் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறார்கள், க்யூவில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். சலுகை மாதிரித் தெரிவது உண்மையில் பாதை சரியாக இல்லாததால் வரும் மாற்று ஏற்பாடு.

முடியும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 2010-ல் திறந்த 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' ஒரு சாட்சி. மாற்றுத்திறன் உள்ள தன் மகளுக்காக கோர்டன் ஹார்ட்மன் உருவாக்கியது. வீல்சேரோடு ஏறும் ஊஞ்சல், ராட்டினம் எல்லாம் உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-ல் சேர்ந்த நீர் விளையாட்டுப் பூங்காவில் பேட்டரிக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் வீல்சேர் தருகிறார்கள், நனைந்தால் கெடாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 நவம்பரில் மெரினாவில் 1.14 கோடி ரூபாய் செலவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தபோது, வீல்சேரில் இருந்த எத்தனையோ பேர் முதல் முறையாகக் கடல் அருகே போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். கட்டுவதோடு பராமரிப்பும் சேர்ந்ததுதான் செலவு என்பதை அந்தப் புயல் காட்டியது.

போகும் முன் என்ன கேட்கணும்?

போனில் 'வீல்சேர் வசதி இருக்கா' என்று மட்டும் கேட்காதீங்க, 'இருக்கு சார்' என்றே பதில் வரும். வாசலில் வாடகைக்கு நாலு வீல்சேர் இருப்பதைத்தான் அவர்கள் சொல்வார்கள். கழிவறைக் கதவு எத்தனை அடி, உள்ளே வீல்சேரைத் திருப்ப இடம் உண்டா, உடை மாற்றும் அறைக்குப் படி உண்டா, பெண் உறவினருக்கு ஆண் துணை உதவ வேண்டுமென்றால் தனி அறை கிடைக்குமா என்று கேளுங்க. அரசு நெறிமுறைப்படி சாய்தளம் 1-க்கு 12 விகிதத்தில் இருக்கணும், அதாவது ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். செங்குத்தான சாய்தளத்தில் தள்ளுபவருக்கும் ஆபத்து. எந்தெந்த ரைடுக்கு அனுமதி என்பதை ஈமெயிலில் வாங்கிக்கொண்டால், ஷிப்ட் மாறினாலும் காட்டலாம்.

பேட்டரி வீல்சேரை நீர் விளையாட்டுப் பக்கம் கொண்டுபோகாதீங்க. ஈர உடையோடு நெடுநேரம் உட்கார்ந்தால், உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் படுக்கைப்புண் வரும் அபாயம் அதிகம். மாற்று உடையும் குஷனும் அவசியம். வெயிலில் நின்ற ரைடு இருக்கை சுடும், காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியாது. தூக்கி உட்காரவைக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்க.

காரணம் சொல்லாமல் மறுத்தால், எழுத்தில் கேளுங்க. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். அவருக்குச் சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கேட்பது போன்றவற்றில் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. டிக்கெட் வாங்கியவர் என்ற முறையில் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு டிக்கெட்டின் போட்டோ போனில் இருக்கட்டும்.