கொழுவுக்குத் தோய்ச்சல் தேவை

விதைக்கும் உரத்திற்கும் கணக்குப் பார்க்கும் விவசாயிகள் பலர், மண்ணைக் கீறும் கொழுவைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிக் கலப்பையில் மாட்டிவிடுகிறார்கள். இது சிக்கனம் ஆகாது.

மழுங்கிய கொழு ஆழமாக இறங்காது. இழுவை கூடும், டீசலும் நேரமும் வீணாகும். டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழும் சிறு விவசாயிக்கே இதில் நஷ்டம் அதிகம்.

கொழுவின் உழைப்பு எஃகின் தரத்தையும், அதற்குக் கொடுத்த சூட்டுப் பக்குவத்தையும் பொறுத்தது. சாதாரண இரும்புப் பட்டையில் கார்பன் 0.25 சதத்திற்கும் குறைவு. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. லாரி வில் பட்டையிலோ சுமார் 0.5 முதல் 0.6 சதம் கார்பன் உண்டு. கொல்லர்கள் அதைத் தேடி வாங்குவது இதனால்தான்.

வில் பட்டைக் கொழுவைக் காந்தம் ஒட்டாத அளவையும் சற்றுக் கடந்து, சுமார் 850 டிகிரி செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடக்கூடும். தோய்த்ததோடு வேலை முடியவில்லை. அந்த நிலையில் எஃகு கடினமாக இருந்தாலும் கல்லில் பட்டால் ஒடியும். எனவே முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் மிதமாகச் சூடு காட்ட வேண்டும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியில் நீல நிறமும் தெரியும். சூடு கூடக் கூடக் கடினம் சற்றுக் குறையும். ஒடியும் தன்மையும் குறையும். கொழுவை அரிக்கும் மணல் நிலத்திற்குக் கடினம் முக்கியம். கல் நிலத்திற்கு ஒடியாமை முக்கியம்.

தேய்ந்த கொழுவைக் காய்ச்சி அடித்தாலோ, முனையருகே வெல்டிங் வைத்தாலோ பழைய தோய்ச்சல் போய்விடும். மறுபடியும் தோய்ச்சல் போடாவிட்டால் அடித்த கூலி வீண்.

இதற்குக் கொல்லரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மட்டமான இரும்பைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? கொழு விற்பவர்கள் எஃகின் தரத்தையும் தோய்ச்சல் விவரத்தையும் ரசீதில் எழுதித் தரவேண்டும். பெரிய இயந்திரங்களுக்கு மானியம் தரும் அரசு, ஊர்ப் பட்டறைகளுக்குத் தோய்ச்சல் பயிற்சியும் எண்ணெய்த் தொட்டியும் தர முன்வரவேண்டும்.

விவசாயிகளும் வாங்குமுன் முனையில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அரத்தால் ராவிப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் கடினம் உண்டு. எளிதில் ராவினால் அந்தக் கொழுவைக் கடையிலேயே விட்டு வருவது நல்லது.