ஏலமலை வணிகரின் குரல் தில்லியை எட்டுகிறதா?

புது தில்லி: கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தில் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு வணிகரின் எதிர்காலம், கடந்த சில ஆண்டுகளாக மூன்று இடங்களில் முடிவாகி வந்திருக்கிறது. அவரது கடை நிற்கும் நிலம் வருவாய்த் துறைக்கு உரியதா, வனத்துக்கு உரியதா என்ற வழக்கு தில்லியில் உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. விவசாயத்துக்கெனப் பெற்ற பட்டா நிலத்தில் கடை கட்டலாமா என்பதற்கான சட்டம் திருவனந்தபுரத்தில் இயற்றப்பட்டது. அவருடைய வாடிக்கையாளர்களின் கையில் காசு புரளுமா, புரளாதா என்பதை புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலம் தீர்மானிக்கிறது. இம்மூன்று இடங்களிலும் அவருக்காகப் பேச வேண்டிய வணிகர் சங்கம், எங்கே உரத்துப் பேசியது, எங்கே அதன் குரல் எட்டவில்லை என்பதே இங்கு கேள்வி.

கேரளத்தின் மிகப் பெரிய வணிகர் அமைப்பு, கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி. ஊர்தோறும் கிளை, மாவட்டந்தோறும் குழு, அதற்கு மேல் மாநிலக் குழு என்பது அதன் கட்டமைப்பு. 1991 முதல் அதன் மாநிலத் தலைவராக இருந்த கோழிக்கோட்டைச் சேர்ந்த டி.நசிருத்தீன், 2022 பிப்ரவரியில் மறையும் வரை அப்பொறுப்பில் நீடித்தார். ஆளுங்கட்சி எதுவாயினும் முதல்வர்கள் அவரை அழைத்துப் பேச வேண்டியிருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் சார்புடைய வியாபாரி வியவசாயி சமிதி என்ற மற்றோர் அமைப்பும் அங்கு உண்டு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் வெளியூரார் குழம்புவர். உள்ளூர்க் கடைத்தெருவில் எவருக்கும் குழப்பமில்லை.

ஏகோபன சமிதியின் பலம் இரண்டு. ஒன்று, கடைக் கதவு. அதை அடைக்கச் சொல்லும் அதிகாரமும், பிறர் அடைக்கச் சொல்லும்போது திறந்து வைக்கும் துணிவும். 2019 ஜனவரி 3-ஆம் தேதி சபரிமலைப் பிரச்னையில் அறிவிக்கப்பட்ட முழு அடைப்பை மீறி, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் நசிருத்தீன் முன்னிலையில் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றில் சில தாக்கப்பட்டன. அடுத்த சில நாள்களில், முழு அடைப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வணிகர்களின் எதிர்ப்பு நீதிமன்றத்தின் காதிலும் விழுந்தது என்று இதைக் கொள்ளலாம்.

இரண்டாவது பலம் அதிகம் பேசப்படாதது: உறுப்பினர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு நிதி வழங்கும் நலத் திட்டங்கள். கொள்கை முழக்கத்துக்காகச் சந்தா கட்டுவோர் சிலர்; தான் கண்ணை மூடினால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று கட்டுவோரே பலர். சங்கத்தைக் கட்டிக் காப்பது பெருமளவுக்கு இந்த நிதிதான் என்றால் மிகையாகாது.

இந்தப் பலம் மாநிலத் தலைநகரில் எப்படிச் செல்லுபடியானது என்பதற்கு 2021 ஜூலை நிகழ்வுகள் சான்று. கரோனா கட்டுப்பாடுகளை மீறி எல்லாக் கடைகளையும் திறப்போம் என்று சமிதி அறிவித்தது. முதல்வர் பினராயி விஜயன் முதலில் கடுமையாக எச்சரித்தார். பின்னர் சமிதித் தலைவர்களை அழைத்துப் பேசினார். பக்ரீத் பண்டிகையை ஒட்டி மூன்று நாள் தளர்வு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே விவகாரம் தில்லிக்கு வந்தபோது காட்சி மாறியது. வணிகர்களின் அழுத்தத்துக்கு அரசு பணிந்துவிட்டதாக, நீதிபதி ஆர்.எஃப்.நாரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஜூலை 20-ஆம் தேதி கேரள அரசைக் கடிந்துகொண்டது. தளர்வின் கடைசி நாள் என்பதால் அறிவிக்கையை ரத்து செய்வதில் பயனில்லை என்றும் கூறியது. திருவனந்தபுரத்தில் வெற்றியாகக் கருதப்பட்ட அதே அழுத்தம், தில்லியில் குற்றச்சாட்டாகப் பதிவாயிற்று. மாநில அளவிலான வணிகர் அமைப்புகளின் வலிமையும் வரம்பும் இந்த ஒரு நிகழ்விலேயே அடங்கியுள்ளன.

உடும்பஞ்சோலையின் சிக்கலோ கதவடைப்பால் தீரக் கூடியதன்று. திருவிதாங்கூர் அரசு 1897-ஆம் ஆண்டு வெளியிட்ட பிரகடனம் ஒன்றின்படி ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. இல்லை, 2,15,720 ஏக்கர் என்பது 2002-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிய 'ஒன் எர்த் ஒன் லைஃப்' என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் வாதம். ஓர் இலக்கத்தின் வேறுபாடு, இரண்டு லட்சம் ஏக்கர்! பின்னதை ஏற்றால், ஏலத் தோட்டங்கள் மட்டுமன்றிக் கடைத்தெருக்களும் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் காப்புக்காட்டுக்குள் வந்துவிடும் என்பதே இப்பகுதி மக்களின் அச்சம். நிலம் வருவாய்த் துறையிடம், அதில் நிற்கும் மரம் வனத் துறையிடம் என்ற இரட்டை ஆட்சி நெடுங்காலமாகவே இங்கு நிலவி வருகிறது. ஏலம் பயிரிடுவதற்கென்றே குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தில் வேறு எது எழுந்தாலும் அது விதிமீறல்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2005-இலேயே இப்பிரச்னை குறித்து அறிக்கை அளித்தது. அதன்பின் கிடப்பில் கிடந்த வழக்கு, 2024 அக்டோபரில் திடீரென உயிர்பெற்றது. ஏலமலைக் காப்புக்காட்டில் புதிய பட்டா வழங்கவும், நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றவும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தடையின் வாசகத்தில் உள்ள 'வணிகப் பயன்பாடு' என்ற சொல், நேரடியாக வணிகரைத் தொடுகிறது. ஆனால் இவ்வழக்கில் தேவைப்படுவது கடையடைப்பு அன்று. பழைய அரசிதழ், நில அளவை வரைபடம், குத்தகைப் பதிவேடு, இவற்றை நீதிபதிகள் முன் விரித்துக் காட்டக் கூடிய மூத்த வழக்கறிஞர். காசர்கோடு முதல் பாறசாலை வரை உறுப்பினர்களைக் கொண்ட அமைப்புக்கு, ஒரு மாவட்டத்தின் சில வட்டங்களை மட்டுமே பாதிக்கும் நிலவழக்கு முதன்மைப் பிரச்னையாக இருப்பது கடினம். ஆலப்புழையின் துணிக் கடைக்காரருக்கு ஏலமலையில் என்ன அக்கறை? இது குற்றச்சாட்டு அல்ல. மாநிலம் தழுவிய எந்த அமைப்புக்கும் உள்ள இயல்பு. எல்லோருக்கும் பொதுவான வரி, வாடகை, உரிமக் கட்டணம், இணையவழி வணிகம் ஆகியவற்றில்தான் அவற்றின் குரல் ஓங்கி ஒலிக்கும்.

வாடகை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பதிவு பெறாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுக்கும் பதிவு பெற்ற வணிகரே 18 சதவீத சரக்கு, சேவை வரியைச் செலுத்த வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கேரளம், தமிழ்நாடு உள்பட நாடெங்கும் வணிகர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. தமிழ்நாட்டில் ஏ.எம்.விக்கிரமராஜா தலைமையிலான பேரமைப்பு ஆர்ப்பாட்டங்களில் இறங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 21-இல் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், இணக்க முறையில் வரி செலுத்தும் சிறு வணிகர்களுக்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. எல்லா மாநில நிதியமைச்சர்களும் அமரும் அவையில் எல்லா மாநில வணிகர்களும் ஒரே கோரிக்கையை வைத்தால், இரண்டரை மாதத்தில் பலன் கிட்டுகிறது. ஏலமலை வழக்குக்கோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடிவு வந்தபாடில்லை.

நிலப் பிரச்னையில் சங்கமும் அரசியலும் மோதிக்கொண்ட நாள் 2024 ஜனவரி 9. பட்டா நிலத்தில் விதியை மீறி எழுந்த கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்த மசோதாவை 2023 செப்டம்பரில் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியிருந்தது. அப்போதைய ஆளுநர் ஆரிஃப் முகமது கான் அதற்கு ஒப்புதல் தராமல் வைத்திருந்தார். அந்நிலையில் ஏகோபன சமிதியின் இடுக்கி மாவட்டக் குழு, தனது 'காருண்யம்' குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி வைக்க அதே ஆளுநரைத் தொடுபுழைக்கு அழைத்தது. இடதுசாரி முன்னணி அன்றைய தினம் மாவட்டம் முழுவதும் முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அப்போதைய உடும்பஞ்சோலை சட்டப்பேரவை உறுப்பினர் எம்.எம்.மணி, ஆளுநரைக் கடும் சொற்களால் விமர்சித்தார். கறுப்புக் கொடிகளுக்கிடையே ஆளுநர் வந்தார், விழாவும் நடந்தது.

இதில் நகைமுரண் ஒன்று உண்டு. அம்மசோதா சட்டமானால் அதிகம் பயன்பெறக் கூடியவர்களுள், விவசாயப் பட்டாவில் கடை கட்டியிருக்கும் இடுக்கி வணிகர்களும் அடங்குவர். அவர்களின் சங்கமே, மசோதாவை நிறுத்தி வைத்தவரை மாலையிட்டு வரவேற்றது. எதிர்த்தரப்பின் கணக்கும் தூயதன்று. ஆளுநருடன் மாநில அரசு நடத்திவந்த மோதலுக்கு மலை மாவட்டத்து வணிகர் மேடையைக் களமாக்கியதில் இடதுசாரி முன்னணிக்கு வசதி இருந்தது. நலத் திட்டத்துக்கு அரசியல் சாயம் வேண்டாம் என்ற சங்கத்தின் பிடிவாதமும் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும், கையெழுத்துப் போட வேண்டியவரே தம் மேடையில் அமர்ந்திருக்கையில் சங்கத்தின் கையில் இருந்த வாய்ப்பு அரிதானது. அது பெருமளவுக்கு அன்றைய கூச்சலில் கரைந்து போயிற்று. ஆளுநர் கையொப்பமிட்டது, கேரளத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், ஏப்ரல் 27-ஆம் தேதி. அதற்கான விதிகள் உருப்பெற 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்டட விதிகள் எவரையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். உடும்பஞ்சோலை வட்டத்தின் சாந்தன்பாறையில் மார்க்சிஸ்ட் கட்சி கட்டிவந்த அலுவலகத்தின் பணியையே, தடையில்லாச் சான்று பெறவில்லை என்ற பிரச்னையில் 2023 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. ஆளுங்கட்சியின் நிலை இதுவென்றால், சாமானியக் கடைக்காரரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஏலக்காயின் கதை வேறு. வணிகர் சங்கங்கள் மாநில எல்லையில் நின்றுவிட, தோட்டக்காரர்களின் சங்கங்கள் எல்லையைத் தாண்டியவை. உடும்பஞ்சோலையில் விளைவதை விற்பதில் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூருக்குப் பெரும் பங்குண்டு. மலையில் தோட்டம் வைத்திருக்கும் தமிழர் பலரின் வீடு போடியிலும் கம்பத்திலும்தான். போடியில் ஏல விவசாயிகள் சங்கம் கல்லூரியே நடத்துகிறது. மறுபுறம் வண்டன்மேட்டை மையமாகக் கொண்ட மலையாள விவசாயிகளின் அமைப்புகள் உள்ளன. மேலே, 1893-இல் தொடங்கப்பட்டு குன்னூரில் இயங்கும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி. இவை எல்லாம் கதவைத் தட்டும் இடம், கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியமும், அதற்கு மேல் தில்லியில் வர்த்தக அமைச்சகமும்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டபோது நெடுங்கண்டத்தின் நகைக் கடைகளும் வாகனக் கடைகளும் களைகட்டின. இரண்டே ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தபோது அதே கடைத்தெரு வெறிச்சோடியது. 2024 கோடையின் வறட்சி மீண்டும் தோட்டங்களைக் கருக்கியது. ஏலக்காய் விலையும் கடைக்காரரின் கல்லாவும் இப்படிப் பிணைந்திருந்தும், விலைச் சரிவு பற்றி வாரியத்திடம் முறையிடுவது விவசாயிகள் சங்கம் மட்டுமே.

1986-ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவரும் வரைவு மசோதாவை 2022 ஜனவரியில் வர்த்தக அமைச்சகம் வெளியிட்டது. ஏலத்தை ஒழுங்குபடுத்தும் வாரியத்தின் பிடி தளரும் என்று விவசாயிகள் அஞ்சினர். கருத்துச் சொல்ல முதலில் தரப்பட்ட அவகாசம் சில வாரங்களே. மாதக் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, மலையாளத்திலோ தமிழிலோ எழுதி, அதை ஆங்கிலமாக்கி அனுப்பும் ஒரு கிளைச் சங்கத்துக்கு அந்த அவகாசம் எம்மட்டு? தில்லியில் நிரந்தர அலுவலகம் வைத்திருக்கும் பெருந்தொழில் கூட்டமைப்புகளுக்கோ அது தாராளம்.

எல்லையின் இரு பக்கமும் உள்ள சங்கங்கள் ஒன்றையொன்று தேடிய தருணங்கள் குறைவு. அவை பெரும்பாலும் நெருக்கடியில் வந்தவை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் பதற்றம் மூண்டு, தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு ஊர் திரும்பியபோது, குமுளிப் பாதை அடைபட்டது. ஏலக்காய் பறிக்க ஆளில்லை. காய்கறி லாரிகள் ஏறவில்லை. கம்பத்து வணிகரும் கட்டப்பனை வணிகரும் ஒரே நட்டத்தைச் சுமந்தனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிவரும் தொழிலாளரின் கூலி, மலையின் கடைகளில் அரிசியாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. அந்தத் தொழிலாளருக்கு வணிகர் சங்கத்தில் இடமில்லை, தோட்டக்காரர் சங்கத்திலும் இல்லை, தொழிற்சங்கங்கள் தனி.

தமிழ்நாட்டின் வணிகர் அமைப்புகள் மே 5-ஆம் தேதியை வணிகர் தினமாகக் கொண்டாடி மாநாடு நடத்துகின்றன. த.வெள்ளையன் காலத்திலிருந்து பன்னாட்டு நிறுவனங்களுக்கு எதிரான முழக்கம் அம்மேடைகளில் ஓயாது ஒலித்து வந்துள்ளது. கேரள சமிதியின் முழக்கமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் 2,15,720 ஏக்கரா, 15,720 ஏக்கரா என்ற கேள்வியில் கம்பம், போடி வணிகர்களுக்கும் நெடுங்கண்டம் வணிகர்களுக்கும் உள்ள கூட்டு அக்கறை, எந்த மாநாட்டுத் தீர்மானத்தைக் காட்டிலும் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடையீட்டு மனுவாகவே எடுபடக் கூடியது. இதுவரை அவ்வழக்கின் சுமை பெரும்பாலும் கேரள அரசின் வழக்கறிஞர்கள் மீதே இருந்துள்ளது. அரசின் நிலைப்பாடு, ஆட்சி மாறும்போதும் வனத் துறையும் வருவாய்த் துறையும் வெவ்வேறாகப் பேசும்போதும் அசையக் கூடியது என்பதை மலை மக்கள் நன்கறிவர்.