பூட்டிய கூண்டுக்குள்ளும்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி நான்கைந்து கோழி வளர்ப்போர் நாய்க்கும் கீரிக்கும் அஞ்சிக் கூண்டைப் பூட்டுகிறார்கள், சரிதான். ஆனால் பூட்டிய கூண்டையே சில நாளில் காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். நாட்டுக்கோழிக்கு எதிர்ப்பாற்றல் உண்டே, தடுப்பூசி எதற்கு என்பார்கள். 1926-இல் ஜாவாவிலும் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட இந்த நோய் நாட்டுக்கோழியையும் விட்டுவைப்பதில்லை. வந்தபின் குணமாக்க மருந்தும் இல்லை. செலவு என்று தயங்கவும் வேண்டாம், கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம்களில் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறது. ‘போட்டும் செத்ததே’ என்ற குறையில் மட்டும் நியாயம் உண்டு. முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுக்கு அந்த ஊசி உதவாது. வெயிலில் கிடந்த தடுப்பு மருந்தும் வீண். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துவையுங்கள்.