கேட்கத் தெரிந்தவனுக்கே கிடைக்கும்

மும்பை பெரிய தபாலாபீசுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தவர்களைப் பழைய தலைமுறைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேனாவைத் திறப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்பார்கள். யாருக்கு எழுத வேண்டும்? என்ன நடந்தது? எந்தத் தேதியில்? முடிவாக என்ன வேண்டும்? பதில் வந்த பிறகுதான் எழுத்து.

இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது. பின்னர் ‘ஜெமினி’ முதலியவையும் வந்துவிட்டன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கின்றன. ஹிந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதித் தருகின்றன. பாஷை தெரியாத ஊரில் பிழைக்கும் தமிழனுக்கு இது சாதாரண உதவியல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மனு எழுதுபவர் கேள்வி கேட்பார். இந்த இயந்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை. சொல்லாமல் விட்டதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கோளாறு தொடங்குவது அங்கேதான்.

அரைக் கேள்வி, அரைப் பதில்

ஏழு ஆண்டு உழைத்துவிட்டு ஆலையிலிருந்து விலகும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். ‘பணிக்கொடை கேட்டு லெட்டர் வேண்டும்’ என்று மட்டும் அவர் தட்டினால், அழகான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும். அதில் சேர்ந்த தேதி இராது, தொகை இராது. கும்பிடும் வணக்கமும் மட்டும் நிறைய இருக்கும். அத்தகைய கடிதத்தை நிர்வாகம் ஓரமாக வைத்துவிட்டால் வியப்பதற்கில்லை.

அதே தொழிலாளி இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்: ‘தனியார் ஆலையில் 7 ஆண்டு வேலை செய்து விலகியிருக்கிறேன். சேர்ந்த தேதி இது, விலகிய தேதி இது. கடைசி மாதம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய். பணிக்கொடை கேட்டு மானேஜருக்கு ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள், மரியாதையாகவும் உறுதியாகவும் மனு எழுது. தொகை வந்த கணக்கைத் தனியாகக் காட்டு. விவரம் போதாவிட்டால் எழுதுமுன் என்னைக் கேள்.’

இப்போது வரும் மனு வேறு. ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் கணக்கு. ஆக, ஆண்டுக்கு 15,000 ரூபாய், ஏழு ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். கணக்கு எதிரே இருப்பதால் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கவும் முடியும். ‘என்னைக் கேள்’ என்ற அந்தக் கடைசி வாக்கியம்தான் இயந்திரத்தைத் தபாலாபீஸ் வாசல் மனுக்காரராக மாற்றுகிறது.

இவ்வளவும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று சில குமாஸ்தாக்கள் எண்ணுகிறார்கள். அது தவறு. அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டால் கேள்வியும் அரைகுறையாகத்தான் அமையும். மனதில் உள்ளதைத் தமிழில் முழுக்கச் சொல்லி, மனுவை வேண்டிய பாஷையில் கேட்பதே மேல். வந்த மனுவைத் திரும்பத் தமிழில் சொல்லச் செய்து, புரிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

நம்பிக் கெட்டவர்கள்

இயந்திரம் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், அது கொடுத்த தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை! ‘இவை உண்மையா?’ என்று அதனிடமே கேட்டதற்கும் ‘ஆம்’ என்றே பதில் வந்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

பணிக்கொடையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளன. குறிப்பிட்ட காலத்துக்கென நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஓராண்டு சேவையே பணிக்கொடைக்குப் போதும் என்பது புதிய ஏற்பாடு. பழைய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்து வைத்திருக்கும் இயந்திரம், ஐந்தாண்டு ஆகவில்லை, ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிடலாம். அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் தொழிலாளிக்குத்தான். ஆகவே, ‘இன்று அமலில் உள்ள சட்டம் எது, எந்தப் பிரிவு?’ என்று கேட்டு, அந்தப் பதிலை யூனியனிலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ காட்டிச் சரிபார்ப்பது அவசியம்.

இன்னொன்று ரகசியம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றை இயந்திரத்துக்குச் சொல்லத் தேவையே இல்லை. அந்த இடங்களைக் காலியாக விடச் சொல்லி, பிறகு பேனாவால் நிரப்பினால் போதும். ஆபீஸ் காகிதங்களுக்கும் இதே விதிதான். இத்தகைய சாதனங்களை அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. முதலாளியின் கணக்கை வெளியே கொட்டிவிட்டு வேலையை இழப்பது புத்திசாலித்தனமல்ல.

இவ்வளவு விவரம் சொல்வதற்குத் தானே எழுதிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாஷை தெரிந்தவர் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். மராத்தியில் ஒரு வரி எழுதத் தெரியாத கொத்தனாருக்கு அந்த வாதம் சோறு போடாது.

மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கேள்வி கேட்கும் முறையையும் பதிலைச் சோதிக்கும் முறையையும் தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. ஒரு கரும்பலகையும், படித்த வாலிபர்கள் இரண்டு பேரும் போதும். வர வேண்டிய பணத்தைக் கேட்கத் தெரியாமல் ஊர் திரும்பும் தமிழன் ஒருவனாவது குறைந்தால், அதுவே சங்கத்துக்குப் பெருமை.