ஆளுநருக்குக் கெடு கேட்டவர்கள் துணைத் தலைவருக்கும் வைப்பார்களா?

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பைத் தமிழ்நாடே கொண்டாடியது. ஆளுநர் ஆர்.என்.ரவி இழுத்தடித்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். இனி ஆளுநர்கள் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று கெடுவும் விதித்தார்கள். நானும் கொண்டாடினேன். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்றத்தை, ஒருவருமே ஓட்டுப் போடாத ஒரு நியமனப் பதவி முடக்கி வைப்பதை எப்படி ஏற்பது? அந்த மகிழ்ச்சி நவம்பர் 20 வரைதான் நீடித்தது. குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, கெடு விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை, 'கருதப்படும் ஒப்புதல்' என்ற ஒன்று அரசமைப்பிலேயே இல்லை என்று கருத்துச் சொன்னது. காரணமே இல்லாமல் காலவரம்பின்றி முடக்கினால் மட்டும் நீதிமன்றம் தலையிடலாமாம்.

இதையொட்டி அதிகாரப் பிரிவினை பற்றியும், ஓர் உறுப்பை இன்னோர் உறுப்பு கட்டுப்படுத்துவது பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டது. எல்லாமே கோட்டைக்கும் ராஜ்பவனுக்கும் டெல்லிக்கும் இடையிலேயே சுற்றி வந்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள் இருக்கின்றன. ஆய்வுக்காகச் சமவெளியில் சிலவற்றுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விவாதம் பாதியில் நின்றுவிட்டதாகவே படுகிறது. ஆளுநர் செய்ததை ஊருக்குள் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது நம் சட்டமன்றம் இயற்றிய சட்டம்தான்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. ஒருவரே கொள்ளையடித்துவிடக் கூடாது, ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும். ஆனால் தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்குப் பட்டியல் சாதி இட ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தனி ஊராட்சியில் தலைவர் காலனிக்காரராக இருப்பார். வார்டுகளில் பெரும்பான்மை ஊர்த் தெருவிடம் இருக்கும். துணைத் தலைவர் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட ஓர் ஊராட்சியின் முன்னாள் தலைவர், ஐம்பதைத் தொட்ட அம்மா, என்னிடம் சொன்னார்: "தெருவிளக்கு பல்பு வாங்குன பில்லு தம்பி. அதுல கையெழுத்து வாங்க அவரு தோட்டத்துக்கு ஆறு தடவ நடந்தேன். ஒரு தடவகூட உக்காருன்னு சொல்லல." பல்பு போடாததற்கு ஊர்க்காரர்கள் திட்டியது துணைத் தலைவரை அல்ல, இவரைத்தான். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானபோது நாடே பதறியது. தரையில் உட்கார வைப்பதைப் படம் எடுக்க முடியும். போடாத கையெழுத்தை எப்படிப் படம் எடுப்பது?

இருவரும் மோதினால் என்ன ஆகும்? ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் பிரிவு 203-ஐக் காட்டி 'செக் பவரை' எடுத்து பி.டி.ஓ. கையில் கொடுப்பது வழக்கம். மறித்தவரும் மறிக்கப்பட்டவரும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். இன்னும் முற்றினால் பிரிவு 205 இருக்கிறது. கலெக்டர் தாமாகவோ, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தாலோ விளக்கம் கேட்டு, தாசில்தாரை விட்டுக் கூட்டம் கூட்டிக் கருத்தறிந்து, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவி நீக்கலாம். முதலமைச்சரை ஆளுநர் இப்படி நீக்கலாம் என்று யாராவது சட்டம் எழுதினால் சும்மா இருப்போமா?

ஊராட்சிகளில் ஊழலே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்காணிப்பு வேண்டும். கிராம சபையில் கணக்கை வாசிக்கட்டும், தணிக்கை அறிக்கையைச் சுவரில் ஒட்டட்டும். ஆனால் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல், கடிவாளம் இருப்பதாலேயே ஜனநாயகம் காப்பாற்றப்படும் என்று நம்புவது பாடப்புத்தகப் பார்வை. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்துத் தனிமனிதரை முன்வைத்ததற்குக் காரணம் இருந்தது. மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் செயல்படவே விடவில்லை. இன்று அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, பேனாவை மூடி வைத்தாலே போதும்.

இந்த அரைகுறை அதிகாரமும் இப்போது இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் பிரிவு 243-இ. ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிய அந்த ஆண்டு முழுக்க நம் ஊராட்சிகளை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். 2016 அக்டோபருக்குப் பிறகும் இப்படித்தான் மூன்று ஆண்டுகள் ஓடின. ஆண்ட கட்சிதான் வேறு. தேர்தல் இல்லையென்றால் தலைவர் பதவியில் பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடும், பெண்களுக்கான 50 விழுக்காடும் கூட இல்லை என்பதைச் சமூகநீதி பேசும் கட்சிகள் ஏன் சொல்வதில்லை?

தேர்தல் நடத்துவதோடு சட்டத்தையும் திருத்த வேண்டும். தீர்மானம் நிறைவேறிய செலவுக்குத் துணைத் தலைவர் 15 நாளில் கையெழுத்திட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இரண்டும் இல்லையேல் ஒப்புதல் அளித்ததாகவே கருதப்படும் என்று ஒரு திருத்தம் போதும். கெடுவும் கருதப்படும் ஒப்புதலும் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டவைதானே? அரசமைப்பில் எழுதாததை நீதிமன்றம் எழுத முடியாது என்று ஐந்து நீதிபதிகள் சொல்லியிருக்கலாம். ஊராட்சிச் சட்டத்தில் எழுதுவதற்குச் சட்டமன்றம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிறைவேற்றிய பிறகு அந்த மசோதாவும் ஆளுநர் மேசைக்குத்தான் போகும் என்பது வேறு கதை.