விற்காத வாத்தியங்கள்

இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மானின் இளமை வரலாறு, பெற்றோரும் மாணாக்கரும் அறியத்தக்கது. 1967இல் சென்னையிற் பிறந்த அவர் ஒன்பதாம் வயதிலேயே தந்தை ஆர். கே. சேகரை இழந்தார். மலையாளப் படங்களில் இசைப்பணி ஆற்றிய சேகரின் வாத்தியங்கள் வீட்டில் இருந்தன. விற்றிருந்தால் உடனே பணம் கிடைத்திருக்கும். பின்னாளிற் கரீமா பேகம் எனப்பட்ட தாயாரோ, அவற்றை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார்.

மகன் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ பயின்றார். சிறு வயதிலேயே இசைக்குழுக்களிற் கீபோர்ட் வாசித்துப் பொருளீட்டினார். தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு மெட்டமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' தேசிய விருதைத் தந்தது. 2009இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் கிட்டின.

இடுக்கண் வந்த வீட்டில் முதலில் விலைபோவது தொழிற்கருவியே. மருதமுனைத் தறியாயினும் கல்முனைக்குடித் தோணியாயினும், பிள்ளைகளை எண்ணிச் சற்றுப் பொறுத்தல் நன்று.